காபி குடித்ததால் அல்ல

என் முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே, அதற்குக் காரணம் என்ன என்று என் மாமியார் முடிவு கட்டிவிட்டார். "காப்பி காப்பின்னு குடிச்சு ஒடம்பு சூடேறிப் போச்சு. அதான் தங்கல." பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னார். நான் அடுத்த அறையில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கேட்டேன். வந்தவர்களில் ஒருவர்கூட "அப்படியா, யார் சொன்னது?" என்று கேட்கவில்லை.

இத்தனைக்கும் டாக்டர் அம்மா அவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டுதான் விளக்கியிருந்தார். முதல் மூன்று மாதத்தில் கலைவது நிறையப் பேருக்கு நடக்கிறது, பெரும்பாலும் கரு சரியாக உருவாகாததால்தான், நீங்கள் தின்றதாலோ குடித்ததாலோ நடந்ததாலோ இல்லை என்றார். ஒரு நாளைக்கு இரண்டு சின்ன டம்ளர் காபி குடிப்பேன் என்பதையும் நானே சொன்னேன். "அதனால ஆகலம்மா" என்றார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். அப்படித் தலையாட்டியவர் ஆட்டோவில் ஏறியதும், "டாக்டருங்க ஆறுதலுக்கு அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார்.

எனக்குக் காபி பிடிக்கும். இதை யாரும் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வெறும் தகவல். திருவண்ணாமலை தேரடி வீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் அம்மா வீட்டில் டிகாக்‌ஷன் இறங்கிய பிறகுதான் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்குவார்கள். கல்யாணமாகி வேங்கிக்காலில் புதிதாக எழும்பிய வீட்டு வரிசை ஒன்றுக்கு நான் வந்தபோது ஃபில்டரையும் கையோடு கொண்டுவந்தேன். என் மாமியார் கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கணவர் இறந்ததும் மகனைத் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்து, கிரிவலப் பாதையில் ஒரு தள்ளுவண்டி போட்டு, மூலிகைச் சாறும் சுக்குக் காபியும் விற்று, தனி ஆளாக நின்று என் கணவரை வளர்த்தவர். அந்த வீட்டில் உண்மையான காபி என்பது எதிர்க்கட்சி. அதைக் கூட்டிக்கொண்டு வந்த மருமகளும் அப்படித்தான்.

அடுத்த வருடம் மறுபடி முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்ததும், என் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சினார். அவர் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நாள் முழுக்கப் பிள்ளைகளின் சண்டையைத் தீர்த்துவிட்டு வருகிறவருக்கு வீட்டிலும் சண்டை என்றால் தாங்காது. "காஃபின் இல்லாததா எதுனா குடிச்சிக்கோயேன். உனக்கும் நல்லது, அம்மாவுக்கும் நிம்மதி" என்றார். காஃபின் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார்.

என் சிக்கல் அவருக்குப் புரியவில்லை. நான் காபியை விட்டு, குழந்தையும் நல்லபடியாகப் பிறந்துவிட்டால், "பாத்தியா, காப்பிய உட்டதும் தங்குச்சு" என்று பழைய பழி நிரந்தரமாகிவிடும். முதல் குழந்தையை நானே கரைத்துக் குடித்தவள் என்று ஆகிவிடும். விடாமல் குடித்து, ஏதாவது ஆகிவிட்டால்? அந்தக் கேள்விக்கு மேல் என் மனம் போகவே மறுத்தது. பிடிவாதக்காரிக்குப் பயம் இருக்காது என்று யார் சொன்னது? எனக்கு இரவும் பகலும் பயமாகத்தான் இருந்தது. ஃபில்டரைக் கழுவித் துடைத்துப் பரண்மேல் வைத்தேன். வைக்கும்போதே கணவரிடம் சொன்னேன்: "பயந்துதான் வெக்கறேன். ஒத்துக்கிட்டு வெக்கல. உங்க அம்மா கிட்ட அப்படியே சொல்லுங்க." அவர் சொல்லியிருக்க மாட்டார்.

அதன் பிறகு, காபி மாதிரி இருக்கும் ஆனால் காபி இல்லாத பானங்களின் ஊர்வலம் ஒன்று எங்கள் வீட்டுக்குள் வந்தது. வறுத்த மல்லி விதையில் போட்ட காபி வந்தது. பரவாயில்லை, ரசம் வைக்கப் போய் மனம் மாறியது போல் இருக்கும். பேரீச்சங்கொட்டையை வறுத்துப் பொடித்துக் காபி போடலாம் என்று கணவர் எங்கோ படித்து, சேர்த்துவைத்த கொட்டைகளை மிக்ஸியில் போட்டார். தெருவே எட்டிப் பார்த்த அந்தச் சத்தத்துக்குப் பிறகு மிக்ஸி பழையபடி ஓடவே இல்லை. பிறகு செங்கம் சாலையில் வெள்ளைக்காரர்கள் வாங்கும் ஆர்கானிக் கடையிலிருந்து ஒரு அழகான பாக்கெட் வாங்கிவந்தார். "காஃபின் இல்லாத வேர்க் காபி" என்றார். திருப்பிப் பார்த்தேன், சிக்கரி. அப்பட்டமான சிக்கரி! சிக்கரி கலக்கிறான் என்று ஒரு கடையை விட்டு இன்னொரு கடைக்கு மாறிய குடும்பம் எங்களுடையது. அந்தக் கலப்படத்தை மட்டும் தனியாக எடுத்து, காபியை விட்டுவிட்டு, கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அன்றைக்கு நான் வயிறு குலுங்கச் சிரித்தேன், கூடவே மாமியாரும் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த மாதங்களில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் ஜெயித்தது மாமியாரின் சுக்குக் காபிதான். பெயரில் மட்டும் காபி இருக்கும். சுக்கு, மல்லி, மிளகு, ஏலக்காய், அதிமதுரம் போட்டு அவர் கையாலேயே இடித்த பொடி. அதிமதுரம் எதற்கு என்றால், மலை சுற்றுகிறவர்கள் வழி நெடுகச் சாமி பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வருவார்கள். பாதி வழியில் தொண்டை கட்டிவிடும். அதிமதுரம் தொண்டைக்கு இதம், அதற்காகவே அவருடைய வண்டிக்குத் தேடி வருகிறவர்கள் உண்டு. எனக்கு மட்டும் அவர் தனியாக இடித்தார். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சர்க்கரை ஏறிவிடக் கூடாது என்று கருப்பட்டியைக் குறைத்துவிட்டு, இனிப்பு வேண்டுமே என்று அதிமதுரத்தைக் கூட்டினார். மூன்று வேளையும் அவரே ஆற்றிக்கொண்டுவந்து கொடுப்பார். அதில் அன்பு இருந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பார். அந்தப் பார்வையில் பழைய தீர்ப்பு அப்படியே இருந்தது. எனக்கு எரிச்சலாக இருக்கும், ஆனாலும் குடித்துவிடுவேன்.

கொஞ்ச நாளில் நான் விளம்பரமாகவும் ஆனேன். வண்டியில் நின்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க ஊட்டு மருமவளே முழுகாம இருக்கா. மூணு வேளையும் இதான் குடிக்கிறா. காப்பிய உட்டுட்டா" என்பாராம். வண்டி முன்னால் தொங்கிய பலகையில் "மூலிகை சுக்குக் காபி" என்ற எழுத்துக்குக் கீழே, "கர்ப்பிணிகளும் அருந்தலாம்" என்று என் கணவர் சிவப்புப் பெயிண்டில் ஒரு வரி சேர்த்தார். அந்தக் கர்ப்பிணி யார் என்று எனக்குத் தெரியும். என்னைக் கேட்காமலே என்னை எழுதி மாட்டிவிட்டார்கள்.

ஆறாம் மாதம் கால் வீங்கியது. தலைவலி வேறு. டாக்டர் அம்மா ரத்த அழுத்தம் பார்த்தார், முகம் மாறியது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, மறுவாரம் வரச் சொன்னார். மறுவாரமும் குறையவில்லை. (என் மகள் இப்போது தவழ்ந்துபோய் அடுப்படிப் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருக்கிறாள், படிக்கிறவர்கள் பதற வேண்டாம். அன்றைக்கு எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.)

"சாப்பாடு சரி. குடிக்கறது என்னென்ன?" என்று டாக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "காப்பியே கெடையாதும்மா. சுக்குக் காப்பிதான். நானே இடிக்கிறேன். சுக்கு, மல்லி, மொளகு, ஏலக்கா, அதிமதுரம்."

டாக்டரின் கையிலிருந்த பேனா நின்றது. "அதிமதுரம் எவ்ளோ போடறீங்க?"

"இவளுக்குச் சக்கர ஏறக் கூடாதுன்னு கருப்பட்டிய கம்மி பண்ணிட்டு, அது மட்டும் ஜாஸ்தி போடறேன்" என்றார் மாமியார், பாராட்டை எதிர்பார்த்து.

டாக்டர் கோபப்படவில்லை. "இதனாலதான் ஏறுச்சுன்னு நான் சொல்லல. ஆனா அதிமதுரம் ஜாஸ்தி போனா பிரஷர் ஏறும், வயித்துல பிள்ளை இருக்கும்போது அது வேணாம். இன்னைக்கே நிறுத்திடுங்க. மூலிகைன்னா சும்மா தண்ணி இல்லம்மா, அதுவும் மருந்துதான். எது குடிக்கறதா இருந்தாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க." என்னைப் பார்த்து, "காபி குடிக்கணும்னா ஒரு நாளைக்கு ஒரு சின்ன டம்ளர் குடிங்க. அது பரவாயில்ல" என்றார். ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

ஆட்டோவில் மாமியார் மடியில் இருந்த பையின் காதுகளை முறுக்கிக்கொண்டே வந்தார். நான் பேசியிருக்கலாம். ஒன்றரை வருடமாக நான் சுமந்ததை அப்படியே இறக்கி அவர் தலையில் வைக்க அதைவிட நல்ல நேரம் வராது. "உங்க பொடியாலதான் ஏறுச்சு" என்று ஒரே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன். நல்ல மனசினால் இல்லை. அப்படிச் சொன்னால், குடித்த ஏதோ ஒன்றால்தான் எல்லாம் நடக்கிறது, குடித்தவளோ கொடுத்தவளோ குற்றவாளி என்ற அவருடைய வழக்கை நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எனக்கு வேண்டியது அவருடைய தண்டனை இல்லை. என் விடுதலை.

வீட்டுக்கு வந்ததும் கணவரைப் பரணிலிருந்து ஃபில்டரை எடுத்துத் தரச் சொன்னேன். "இப்ப எதுக்கு?" என்றார். "டாக்டர் சொன்னாங்க" என்றேன். கூடத்தில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, ஒரு சின்ன டம்ளர் காபி குடித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றாகவே இல்லை. மாதக்கணக்கில் விட்டுப்போன நாக்கும் மசக்கை மூக்கும் சேர்ந்து அதைக் கருகிய தண்ணீராக ஆக்கிவிட்டன. இருந்தாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

மாமியார் வாசலில் நின்று பார்த்தார். "ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா..." என்று தொடங்கினார்.

"சொல்லி முடிங்க, அத்த. ஆச்சின்னா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"முன்னாடி சொன்னீங்களே. வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க. டாக்டர் உங்க எதிர்லதானே இல்லன்னு சொன்னாங்க?"

"டாக்டரு அவங்க படிச்சத சொல்லுவாங்க. நாங்க பாத்தத நாங்க சொல்றோம்" என்று உள்ளே போய்விட்டார். கணவர் என்னைப் பார்த்து, "உடேன், பிள்ளை நல்லபடியா பொறந்துட்டா எல்லாம் மறந்துடுவாங்க" என்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறப்பது வேறு, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்வது வேறு. பிறந்த பிறகு சந்தோஷத்தில் யாரும் இதைப் பேச மாட்டார்கள். பிறக்காமல் போனால் யாரும் என்னை மன்னிக்க மாட்டார்கள். எனக்கு வேண்டியது பிறப்பதற்கு முன்னால் வேண்டும்.

ரத்த அழுத்தம் மெல்ல இறங்கியது. பொடியை நிறுத்தியதாலா, மாத்திரையாலா, உப்பைக் குறைத்ததாலா, எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது, அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும்.

எட்டாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு கறுப்பு டேப் சுருளை எடுத்துக்கொண்டு, கணவரை வண்டிக்கு அழைத்துப்போகச் சொன்னேன். போய் இறங்கி, பலகையில் "கர்ப்பிணிகளும் அருந்தலாம்" என்ற வரியின் மேல் நீளமாக டேப்பை ஒட்டினேன். ஒரு அடுக்கில் சிவப்பு தெரிந்தது, இன்னொரு அடுக்கு ஒட்டினேன். மாமியார் டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். என்னத்துக்கு என்று கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. கணவர் வேனுக்கு டீசல் போட வேண்டும் என்று நழுவிவிட்டார். அந்த மாதிரி நேரங்களில் டீசல் கண்டிப்பாகத் தீர்ந்துபோகும்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். சின்னப் பெண், இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கலாம். வெறுங்கால், ஆறு மாத வயிறு, நெற்றியெல்லாம் வேர்வை. தனியாகத்தான் நடந்து வந்தாள். "ஒரு சுக்குக் காப்பி குடுங்கம்மா" என்றாள்.

மாமியாரின் கை பொடி டப்பா வரை போய் நின்றது. பலகையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "ஒனக்கு இது வேணாம் கண்ணு. இதுல அதிமதுரம் இருக்குது, வயித்துக்காரிக்கு ஆகாது. ஒக்காரு, பால் காச்சித் தரேன்" என்று பாலை அடுப்பில் வைத்தார். பிறகு, "இந்த வயித்த வெச்சிக்கிட்டு பதினாலு கிலோமீட்டரும் நடக்கறியா? கூட யாரும் வரல?" என்று கேட்டார்.

"வேண்டுதல்மா" என்றாள் அவள். "போன வாட்டி மூணாம் மாசம் கலைஞ்சிடுச்சு. நான் ஸ்கூட்டில வேலைக்குப் போனதாலதான்னு ஊட்ல சொல்றாங்க. அதான், இந்த வாட்டி பொறக்கற வரைக்கும் வாரா வாரம் நடந்தே சுத்தறேன்னு வேண்டிக்கிட்டேன்."

மாமியாருக்குக் கோபம் வந்தது. எனக்குத் தெரிந்த கோபம்தான், ஆனால் அது எந்தப் பக்கம் பாய்ந்தது என்பதைப் பார்த்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"யாரு சொன்னது? ஸ்கூட்டில போனா கலைஞ்சிடுமா? ஊர்ல பாதிப் பொம்பளைங்க வயித்தோட அதுலதான் போறாங்க வராங்க. மூணு மாசத்துல போறது தானா போறது. கரு சரியா நிக்காம போறது. டாக்டருங்களே சொல்றாங்க. நீ தின்னதாலயும் இல்ல, குடிச்சதாலயும் இல்ல, நடந்ததாலயும் இல்ல. உன்னால போகல. கேட்டுதா?"

டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடமாக வைத்திருந்தார். அந்தப் பெண் பால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவர் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார். போகிற ஆட்டோ ஒன்றைக் கைதட்டி நிறுத்தி, "மிச்சத்த ஆட்டோலயே சுத்து, சாமி ஒண்ணும் கோச்சிக்காது" என்று ஏற்றி அனுப்பினார். அனுப்பிவிட்டு வந்து, மறுபடி பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துக் கரண்டியால் கிண்டத் தொடங்கினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குச் சொன்னதுதான் அது என்று என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார். பெரியவர்கள் அப்படித்தான் சாடையாகச் சொல்வார்கள், புரிந்துகொண்டு விட்டுவிட வேண்டுமாம். எத்தனையோ பெண்கள் அப்படிக் கிடைத்ததை வைத்துக்கொண்டு திருப்திப்பட்டிருப்பார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. முன்பின் தெரியாதவளுக்கு ஒரு டம்ளர் பாலோடு கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை? என் மேல் பழி சொல்லும்போது சாடையாகவா சொன்னார்?

ஸ்டூலைப் பிடித்து எழுந்தேன். "அத்த, அத எங்கிட்ட சொல்லுங்க."

"எத?"

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னத."

"பாலு பொங்கப் போவுது, தள்ளு."

அடுப்பை அணைத்தேன். சாறு வாங்க இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்து, "இதோ, வியாபாரத்த கவனிக்கணும்" என்றார்.

"அவங்க நிக்கட்டும். அவங்க எதிர்லயே சொல்லுங்க. பிள்ளை பொறந்துட்டா நீங்க சொல்ல மாட்டீங்க, நானும் கேக்க மாட்டேன். எனக்கு இப்பவே வேணும்."

வந்தவர்கள் மலையைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார்கள். மாமியார் என் வயிற்றைப் பார்த்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"உன்னாலயும் போகல" என்றார்.

"காபியால?"

"காப்பியாலயும் இல்ல. நான்தான் வாய் இருக்குதுன்னு பேசிட்டேன்."

எனக்கு அது போதவில்லை. அத்தனை நாள் அத்தனை பேரிடம் சொன்னதற்கு ஒரு தடவை எப்படிப் போதும்? "இன்னொரு வாட்டி சொல்லுங்க, அத்த" என்றேன்.

சொன்னார். இரண்டாவது தடவை சொல்லும்போது அழுதுவிட்டார். நான் அழவில்லை. காது நிறையக் கேட்டுக்கொண்டேன்.